பிறந்த குழந்தையின் கை கால்: எது தானே சரியாகும், எதற்குக் காத்திருக்கக் கூடாது?

குழந்தை பிறந்ததும் கை, கால், விரல் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று தடவிப் பார்ப்பது எல்லாத் தாய்மார்களுக்கும் இயல்பு. பாதம் உட்பக்கமாகத் திரும்பியிருந்தாலோ, கழுத்து ஒரே பக்கமாகச் சாய்ந்தாலோ, ஒரு கை மட்டும் அசையாமல் கிடந்தாலோ வீட்டில் இரண்டு விதமான பேச்சு எழும். "பச்சைப்பிள்ளை அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும்" என்பது ஒன்று. "உரம் விழுந்திருக்கு, தெரிஞ்சவங்களைக் கூப்பிட்டு எடுத்துவிடணும்" என்பது மற்றொன்று.

முதல் பேச்சு பல வேளைகளில் உண்மைதான். உண்மையாக இல்லாத வேளைகளில், திரும்பக் கிடைக்காத சில வாரங்களைக் குழந்தை இழந்துவிடுகிறது. இரண்டாவது பேச்சோ சில குழந்தைகளுக்கு ஆபத்தாகவே முடியக்கூடும்.

பிசியோதெரபி எனப்படும் இயன்முறை சிகிச்சை என்றால் பக்கவாதம் கண்ட முதியவர்களுக்கும் எலும்பு முறிந்தவர்களுக்கும் உரியது என்றே பலர் நினைக்கின்றனர். பிறந்து சில நாளே ஆன சிசுவுக்கும் அது தேவைப்படலாம். சொல்லப்போனால், அந்த வயதில்தான் அது மிகக் குறைந்த செலவில், மிக அதிகப் பலனைத் தருகிறது. ஏன் என்று புரிந்துகொள்ளக் கருவறையிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதல் எட்டு வாரங்கள்

கரு உண்டான 28 நாட்களுக்குள், பின்னர் மூளையாகவும் முதுகுத்தண்டு நரம்பாகவும் வளரப்போகும் நரம்புக்குழல் மூடிக்கொள்கிறது. அப்போது தாய்க்கு மாதவிலக்கு இரண்டு வாரம் மட்டுமே தள்ளிப்போயிருக்கும். கர்ப்பமா இல்லையா என்று பரிசோதித்துப் பார்க்காதவர்களும் இருப்பார்கள். இந்தக் குழல் கீழ்ப்பகுதியில் மூடாமல் போனால் ஸ்பைனா பிஃபிடா எனப்படும் முதுகுத்தண்டுப் பிளவு ஏற்படும். அதன் கடுமையான வகையில் கால் தசைகள் பலவீனமாகி, சிறுநீர், மலம் கட்டுப்பாடும் பாதிக்கப்படும்.

முன்பு இத்தகைய பிள்ளையைப் பெற்ற தாய்மார்களிடம் பல நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவை, பிரிட்டனின் மருத்துவ ஆய்வு மன்றம் 1991ல் வெளியிட்டது. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டவர்களுக்கு இக்குறை மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைந்தது. ஆகவேதான் கர்ப்பம் உறுதியான பிறகு என்றில்லாமல், குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிடும்படி மருத்துவர்கள் சொல்கின்றனர். முந்தைய பிள்ளைக்கு இக்குறை இருந்திருந்தாலோ, தாய்க்கு நீரிழிவு இருந்தாலோ, வலிப்பு மாத்திரை சாப்பிட்டு வந்தாலோ, கூடுதல் அளவு தேவைப்படலாம். அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நான்காவது வாரத்தில் கைகளும், ஓரிரு நாள் பின்னால் கால்களும் சிறு மொட்டுகளாக முளைக்கின்றன. விரல்கள் முதலில் வாத்தின் பாதம்போல் சவ்வால் இணைந்தே இருக்கும். இடையில் உள்ள செல்கள் தாமே மடிந்து விரல்களைப் பிரித்துவிடுகின்றன. எட்டாவது வாரம் முடிவதற்குள் கை கால்களின் வடிவம் முழுமை பெற்றுவிடுகிறது.

இந்த நாட்கள் எவ்வளவு நுட்பமானவை என்பதை உலகம் ஒரு பெரும் துயரத்தின் வழியாகத்தான் அறிந்துகொண்டது. 1957ல் அன்றைய மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற மருந்து, பிறகு பல நாடுகளில் கர்ப்பிணிகளின் வாந்திக்கும் கொடுக்கப்பட்டது. கரு உண்டான சுமார் 20ஆம் நாள் முதல் 36ஆம் நாள் வரையிலான காலத்தில் அதை உட்கொண்டவர்களின் பிள்ளைகள் பலர், கை கால் குறுகியோ இல்லாமலோ பிறந்தனர். 1961 நவம்பரில் ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்படுவதற்குள் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டனர். கர்ப்பிணிகள் தாமாகவே மருந்து வாங்கிச் சாப்பிடக் கூடாது என்று மருத்துவர்கள் இன்று கண்டிப்பாகச் சொல்வதற்கு அந்த அனுபவமே அடிப்படை.

அசைவதால்தான் மூட்டு உருவாகிறது

கடைசி மாதவிலக்கிலிருந்து கணக்கிட்டால், ஏழு எட்டு வாரத்திலேயே கரு அசையத் தொடங்குவதை ஸ்கேனில் காணலாம். தாய் அதை உணர்வது பெரும்பாலும் 16 முதல் 20 வாரத்துக்குள். வயிற்றில் பிள்ளை உதைப்பதை விளையாட்டு என்று சொல்லி மகிழ்கிறோம். உண்மையில் அது மூட்டுகளின் முதல் உடற்பயிற்சி. அந்த அசைவு இருந்தால்தான் இரண்டு எலும்புகளுக்கு இடையே சரியான மூட்டு இடைவெளி உண்டாகும்.

இதை 1962ல் கோழிக்கருவை வைத்துச் செய்த ஒரு சோதனை தெளிவாகக் காட்டியது. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தைக் கொடுத்து ஓரிரு நாள் அசைவை நிறுத்தியதும், மூட்டுகள் இறுகிப் பாதம் வளைந்த குஞ்சுகள் உருவாயின. மனிதக் கருவிலும், நரம்பு அல்லது தசைக் கோளாறால் அசைவு குறைந்தால், பல மூட்டுகள் இறுகிய நிலையில் குழந்தை பிறக்கக்கூடும். அத்தகைய பிள்ளைகளுக்குப் பிறந்த முதல் வாரத்திலேயே மூட்டுகளை மெல்ல நெகிழ்த்தும் சிகிச்சை தொடங்குகிறது.

கடைசி இரண்டு மாதங்களில் பிரச்சினை வேறு. பிள்ளை வளர்கிறது, இடம் சுருங்குகிறது. பனிக்குட நீர் குறைவாக இருந்தால், இரட்டைக் குழந்தைகளாக இருந்தால், தலை மேலும் புட்டம் கீழுமாக இருந்தால் நெருக்கடி இன்னும் அதிகம். இந்த நெருக்கத்தால் மட்டும் பாதம் சற்று வளைந்தோ, முழங்கால் மடங்கியோ பிறக்கும் குழந்தைகள் ஏராளம். இத்தகைய வளைவு கையால் மெல்லத் திருப்பினாலே நேராகிவிடும். அதுதான் "போகப்போகச் சரியாகும்" வகை. கையால் திருப்பியும் நேராகாத வளைவு அந்த வகையைச் சேர்ந்ததன்று. வீட்டில் உள்ளவர்கள் பாதத்தை அழுத்தித் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டைக் கண்டறிவது மருத்துவரின் வேலை.

வளைந்த பாதம்: மாவுக்கட்டும் பொறுமையும்

பாதம் உட்பக்கமாகவும் கீழ்நோக்கியும் முறுக்கிக்கொண்டு, குதிகால் மேலே ஏறிப் பிறக்கும் நிலை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு ஏற்படுகிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் இரு மடங்கு அதிகம். பாதிப்பேருக்கு இரண்டு பாதங்களிலும் இருக்கும். இது தானாகச் சரியாவதில்லை.

முன்பு இதற்குப் பெரிய அறுவை சிகிச்சையே வழி என்று கருதப்பட்டது. அப்படி வெட்டித் திருத்திய பாதங்கள் பல, வளர்ந்த பிறகு இறுகி வலி கொடுத்தன. ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர் இக்னாசியோ பொன்செட்டி, 1940களின் பிற்பகுதியில் வேறொரு முறையைக் கையாளத் தொடங்கினார். சிசுவின் பாதத்தில் உள்ள தசைநார்கள் மிகவும் நெகிழ்வானவை. அவற்றை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கையால் திருத்தி, அந்த நிலையிலேயே தொடை வரை மாவுக்கட்டுப் போட்டுவிட வேண்டும். அடுத்த வாரம் கட்டைப் பிரித்து, இன்னும் சிறிது திருத்தி, மறுபடியும் கட்ட வேண்டும். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு கட்டுகளில் பாதம் நேராகிவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கடைசியில் குதிகால் தசைநாரை மட்டும் சிறு கத்தியால் வெட்டிவிட்டு, மூன்று வாரம் கட்டுப் போடுவார்கள். அதற்குள் தசைநார் நீண்டு வளர்ந்து கூடிவிடும்.

மருத்துவ உலகம் இந்த முறையை உடனே ஏற்கவில்லை. 1963ல் அவர் வெளியிட்ட கட்டுரையைப் பலர் பொருட்படுத்தவில்லை. 1990களுக்குப் பிறகு, பெற்றோர்களே தேடிப் போய்க் கேட்கத் தொடங்கிய பின்புதான் அது பரவியது. 2009ல் அவர் மறைந்தபோது உலகெங்கும் அதுவே முதன்மைச் சிகிச்சையாகிவிட்டிருந்தது. உகாண்டா, மலாவி போன்ற நாடுகளில் அறுவை மருத்துவர்கள் குறைவு என்பதால், பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர்களே மாவுக்கட்டுப் போட்டு நல்ல பலன் கண்டுள்ளனர்.

இங்கே பெற்றோர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. பாதம் நேரானதும் சிகிச்சை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு, இரண்டு காலணிகளை ஒரு கம்பியால் இணைத்த சாதனத்தை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பிறகு நான்கு ஐந்து வயது வரை இரவிலும் பகல் தூக்கத்திலும் அணிவிக்க வேண்டும். குழந்தை அழுகிறது, பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று கழற்றிவிட்டால் பாதம் மீண்டும் வளைகிறது. வளைவு திரும்புவதற்கு முக்கியக் காரணம் இதுவே. தாத்தா பாட்டியிடம் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பெற்றோர், இந்தக் காலணியின் அவசியத்தை அவர்களுக்கும் விளக்கிச் சொல்ல வேண்டும்.

இடுப்பு மூட்டு: வெளியே தெரியாத குறை

வளைந்த பாதம் கண்ணுக்குத் தெரியும். இடுப்பு மூட்டு விலகியிருப்பது தெரியாது, குழந்தைக்கு வலிக்கவும் செய்யாது. பிள்ளை நடக்கத் தொடங்கி, நொண்டி நடக்கும்போதுதான் பல குடும்பங்கள் கவனிக்கின்றன. அப்போது பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது.

தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பில் உள்ள குழியில் சரியாகப் பொருந்த வேண்டும். பிறக்கும்போது இந்தக் குழி ஆழம் குறைவாகவும், பெரும்பகுதி குருத்தெலும்பாகவும் இருக்கும். உருண்டை உள்ளே இருந்து அழுத்தினால்தான் குழி ஆழமாகும். விலகியிருந்தால் குழி தட்டையாகவே வளரும். பெண் குழந்தை, தலைச்சன் பிள்ளை, வயிற்றில் புட்டம் கீழாக இருந்த பிள்ளை, குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு இக்குறை உள்ள பிள்ளை ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம்.

இத்தாலிய மருத்துவர் மரினோ ஓர்ட்டோலானி 1937லும், இங்கிலாந்தின் பார்லோ 1962லும் விவரித்த இரண்டு கைப்பரிசோதனைகளை இன்றும் மருத்துவர்கள் செய்கின்றனர். பிள்ளையின் தொடைகளை மெல்ல விரித்தும் அழுத்தியும் பார்க்கும்போது மூட்டு நழுவுவது கைக்குத் தெரியும். பார்லோ கண்டது கவனிக்கத்தக்கது. பிறக்கும்போது ஏறக்குறைய 60 குழந்தைகளில் ஒன்றுக்கு மூட்டு தளர்ந்திருந்தது. அவர்களில் 60 விழுக்காட்டினருக்கு முதல் வாரத்திலும், 88 விழுக்காட்டினருக்கு இரண்டு மாதத்துக்குள்ளும் தானே சரியானது. மீதமுள்ளவர்களுக்குச் சரியாகவில்லை. இந்தக் குழந்தைதான் அந்த மீதத்தில் ஒன்றா என்று பரிசோதித்தால்தான் தெரியும். தேவையானால் ஆறு வாரமளவில் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்கலாம்.

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால், செக் நாட்டு மருத்துவர் அர்னால்ட் பாவ்லிக் 1940களில் உருவாக்கிய துணிவார்ப் பட்டையே பெரும்பாலும் போதும். அது தொடைகளை மடக்கி விரித்த நிலையில் வைத்திருக்கும், கால் உதைப்பதைத் தடுக்காது. இரண்டு மூன்று டயப்பர்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டுவது இதற்கு மாற்றாகாது.

பிள்ளையைத் துணியில் சுற்றும் வழக்கத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. கால்களை நேராக நீட்டி இறுக்கமாகச் சுற்றினால் உருண்டை குழியைவிட்டு வெளியே தள்ளப்படுகிறது. ஜப்பானில் இந்த வழக்கத்தைக் கைவிடும்படி 1975ல் தேசிய இயக்கமே தொடங்கினார்கள். அதன் பிறகு அங்கே இடுப்பு மூட்டு விலகல் வெகுவாகக் குறைந்தது. கை பக்கம் சுற்றினாலும் கால் பக்கம் தளர்வாக, பிள்ளை தவளைபோல் தொடையை மடக்கி விரிக்க இடம் விட்டே சுற்ற வேண்டும். கழுத்து நின்ற பிள்ளையை இடுப்பில் வைத்துத் தூக்கும் நம் வழக்கம் இவ்வகையில் நல்லது. அதில் தொடைகள் விரிந்து, மூட்டு குழிக்குள் நன்றாகப் பதிகிறது.

உரம் விழுந்ததா, நரம்பில் காயமா?

குழந்தை ஒரு பக்கமாகவே தலையைச் சாய்த்து, முகத்தை மறுபக்கம் திருப்பியபடி இருந்தால், கழுத்தின் பக்கவாட்டுத் தசை சுருங்கி இறுகியிருக்கிறது என்று பொருள் கொள்ள வாய்ப்புண்டு. சில குழந்தைகளுக்கு அந்தத் தசையில் சிறு கட்டிகூடத் தட்டுப்படும். வயிற்றில் இருந்த நிலையும் பிரசவ நேர இழுப்பும் இதற்குக் காரணமாகலாம்.

சிகிச்சை எளிது. தசையை மெல்ல நீட்டும் பயிற்சி, பிள்ளை திரும்பாத பக்கத்திலிருந்து பேசுவது, பால் கொடுப்பது, பொம்மை காட்டுவது ஆகியவையே அதில் அடக்கம். தொடங்கும் நாள்தான் முக்கியம். அமெரிக்கப் பிசியோதெரபி சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, ஒரு மாதத்துக்குள் தொடங்கினால் 98 விழுக்காட்டினர் ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் இயல்பு நிலையை எட்டுகிறார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு என்றால் சுமார் ஆறு மாதமும், ஆறு மாதத்துக்குப் பிறகு என்றால் ஒன்பது பத்து மாதமும் ஆகலாம். அதே பயிற்சிக்குத்தான் இவ்வளவு வேறுபாடு.

அசையாத கை இன்னும் கவனத்துக்குரியது. பிரசவத்தில் தலை வெளிவந்த பிறகு தோள் சிக்கிக்கொண்டால், கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புக் கற்றை இழுபடக்கூடும். அப்போது கை தோளிலிருந்து தளர்ந்து தொங்கி, உட்பக்கமாகத் திரும்பி, முழங்கை மடங்காமல் கிடக்கும். இதை 19ஆம் நூற்றாண்டில் விவரித்த ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் எர்ப் வாதம் என்பர். சில குழந்தைகளுக்குக் காறை எலும்பு முறிந்திருப்பதாலும் கை அசையாமல் இருக்கும்.

இந்த இரண்டு நிலைகளையும்தான் வீட்டில் பலர் "உரம் விழுந்தது" என்று எடுத்துக்கொள்கின்றனர். பிள்ளையைச் சேலையில் கிடத்தி, இருவர் இரு முனையைப் பிடித்து உருட்டுவதும், கையைப் பிடித்துச் சுண்டி இழுப்பதும் நடக்கின்றன. பாட்டிமார்களின் அன்பில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் இழுபட்ட நரம்பையும் முறிந்த எலும்பையும் மறுபடி இழுத்தால் காயம் கூடும். கழுத்து நிற்காத சிசுவின் தலை அப்படி உருளுவதும் ஆபத்து. எண்ணெய் தேய்த்து மென்மையாகத் தடவிவிடுவது வேறு, மூட்டைச் சுண்டுவது வேறு. முதலாவதில் தவறில்லை.

எர்ப் வாதம் கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் குணமடைகின்றனர். நரம்பு கூடிவரும் காலத்தில் தோள் இறுகிப் போகாமல் காப்பதே பிசியோதெரபியின் வேலை. மருத்துவர் அனுமதித்த பிறகு, டயப்பர் மாற்றும் ஒவ்வொரு முறையும் தோளை வெளிப்பக்கம் மெல்லச் சுழற்றும் பயிற்சியைத் தாய்க்கே கற்றுக்கொடுப்பார்கள். மூன்று மாதத்தில் முழங்கையை மடக்கும் சக்தி வந்திருக்கிறதா என்பது முக்கிய அளவுகோல். வரவில்லையென்றால் நரம்பு அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும்.

நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாத தாய்மார்களுக்குப் பிள்ளை பெரிதாக வளர்ந்து, தோள் சிக்கும் வாய்ப்பு கூடுகிறது. மலேசியாவின் 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில், பெரிய இனங்களுள் இந்தியர்களிடமே நீரிழிவு அதிகம் காணப்பட்டது. கர்ப்ப காலத்தில் சர்க்கரைப் பரிசோதனையைத் தவிர்க்காமல் செய்துகொள்வது பிள்ளையின் கையையும் காக்கும்.

குறைமாதக் குழந்தை

நிறைமாதக் குழந்தை கை கால்களை மடக்கியபடி பிறக்கிறது. கடைசி வாரங்களில் கருவறைச் சுவர் அதை அணைத்துச் சுருட்டி வைத்திருப்பதே காரணம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்த அணைப்புக் கிடைக்கவில்லை. தசைகள் தளர்ந்து, கை கால்களைப் பரப்பியபடி கிடக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் துணிச்சுருள்களைக் கூடுபோல் சுற்றி வைப்பது அந்த அணைப்பை ஈடுசெய்யத்தான்.

கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத நிலையில், 1978ல் தொடங்கிய கங்காரு முறை இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. பிள்ளையைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்ந்த நிலையில் அணைத்துக் கட்டுவதே அது. நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இவ்வாறு அணைத்திருக்க உலகச் சுகாதார நிறுவனம் 2022ல் பரிந்துரைத்தது. தந்தையும் அணைக்கலாம்.

இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்போது, நான்கு மாதப் பிள்ளை செய்வதையே எதிர்பார்க்க வேண்டும். அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கலங்குவதும் தவறு, குறைமாதம்தானே என்று ஒரு வயதுக்குப் பிறகும் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் தவறு.

மூளையில் ஏற்படும் பாதிப்பு

செரிபிரல் பால்சி எனப்படும் பெருமூளை வாதம் ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய இருவருக்கு ஏற்படுகிறது. 1862ல் இதைப் பற்றி விரிவாக எழுதிய லண்டன் மருத்துவர் வில்லியம் லிட்டில், பிரசவச் சிக்கலும் மூச்சுத் திணறலுமே காரணம் என்றார். மனோதத்துவத்தால் பின்னர் புகழ்பெற்ற சிக்மண்ட் ஃபிராய்ட், அப்போது நரம்பு மருத்துவராக இருந்தவர், 1897ல் இதை மறுத்தார். கருவிலேயே தொடங்கிய கோளாறுதான் பிரசவத்தையும் சிக்கலாக்குகிறது என்பது அவர் வாதம். இன்றைய ஆய்வுகள் பெரும்பாலும் ஃபிராய்டின் பக்கமே சாய்கின்றன. பிரசவ நேர மூச்சுத் திணறல் ஒரு சிறு பகுதிக்கே காரணம். ஆகவே, "நான் சரியாக முக்கவில்லை", "கிரகணத்தில் வெளியே போய்விட்டேன்" என்று தாய்மார்கள் தங்களையே நொந்துகொள்ள இடமில்லை. மாமியாரோ உறவினரோ அப்படிச் சொல்லவும் இடமில்லை.

முன்பு இரண்டு வயது வரை காத்திருந்தே இந்த வாதத்தை உறுதி செய்தனர். இப்போது மூன்று முதல் ஐந்து மாதத்தில், மல்லாந்து கிடக்கும் குழந்தையின் இயல்பான சிறு அசைவுகளைக் காணொளியில் பதிவு செய்து கணிக்கும் முறை இருக்கிறது. அதை உருவாக்கியவர் ஹைன்ஸ் பிரெக்டல். அதோடு ஸ்கேனையும் நரம்புப் பரிசோதனையையும் சேர்த்தால், பல குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு முன்பே கண்டறியலாம் என்று 2017ல் வல்லுநர் குழு ஒன்று அறிவித்தது. சேதமடைந்த மூளைப் பகுதியைச் சிகிச்சையால் மீட்க முடியாது. ஆனால் முதல் ஆண்டில் மூளை புதிய வழிகளை வேகமாக அமைத்துக்கொள்கிறது. பிள்ளையே முயன்று எட்டிப் பிடிக்கவும், உருளவும், உட்காரவும் வைக்கும் பயிற்சிகள் அந்தக் காலத்தில் அதிகப் பலன் தருகின்றன.

தடுக்கக்கூடிய காரணம் ஒன்றை நம் வட்டாரமே உலகுக்குக் காட்டியது. கடுமையான மஞ்சள் காமாலையில் பிலிருபின் என்ற நிறமி மூளைக்குள் புகுந்தால், கட்டுப்பாடற்ற அசைவுகள் கொண்ட வாதமும் காது கேளாமையும் உண்டாகும். ஒரு காலத்தில் சிங்கப்பூரில் இது பல சிசுக்களின் உயிரைப் பறித்தது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளே அதிகம் பாதிக்கப்படுவதைப் பேராசிரியர் வோங் ஹொக் பூன் போன்றோர் ஆராய்ந்தனர். 1965 முதல் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதிக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. குறை உள்ள பிள்ளைகளை மருத்துவமனையிலேயே வைத்துக் கவனித்தனர். மூளையைத் தாக்கும் காமாலை அங்கே ஏறக்குறைய மறைந்துபோனது. மலேசியாவிலும் இச்சோதனை வழக்கமாகச் செய்யப்படுகிறது. இக்குறை இந்தியர்களிடம் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. அப்பிள்ளைகளின் துணிகளுக்கிடையே அந்துருண்டை வைக்கக் கூடாது.

பிள்ளையைக் காலை வெயிலில் காட்டினால் காமாலை இறங்கிவிடும் என்ற நம்பிக்கை வலுவாக இருக்கிறது. வெளிச்சம் பிலிருபினைக் கரைக்க உதவும் என்பது உண்மையே. 1956ல் இங்கிலாந்தில் ஒரு தாதி, வெயில் பட்ட இடத்தில் பிள்ளையின் மஞ்சள் நிறம் வெளுத்திருந்ததைக் கவனித்ததிலிருந்தே நீல விளக்குச் சிகிச்சை பிறந்தது. ஆனால் சன்னலோர வெயிலில் கிடைக்கும் அளவைக் கணக்கிட முடியாது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், மஞ்சள் கால் வரை இறங்கினாலும், பிள்ளை பால் குடிக்காமல் தூங்கியே கிடந்தாலும் வெயிலை நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

பிறந்த முதல் வாரம்: ஒரு கை அல்லது கால் மட்டும் அசையாமை, கையால் திருப்பியும் நேராகாத பாதம், துணிபோல் துவண்ட உடல்.

இரண்டு மாதம்: தலை ஒரே பக்கம் திரும்புதல், ஒரு தொடை மற்றதைப்போல் விரியாமை, ஒரு கால் குட்டையாகத் தெரிதல்.

நான்கு மாதம்: தலை நிற்காமை, கை விரல்களை எப்போதும் இறுக மூடியிருத்தல், கால்கள் விறைத்துக் கத்தரிபோல் குறுக்கிடுதல்.

ஒன்பது மாதம்: துணையின்றி உட்காராமை.

ஒரு வயதுக்கு முன்: ஒரே கையைப் பயன்படுத்துதல். "இடதுகைக்காரன்" என்று சிரித்துவிடக் கூடாது. மறு கையின் பலவீனமாக அது இருக்கலாம்.

பதினெட்டு மாதம்: தனியாக நடக்காமை. ஆரோக்கியமான குழந்தைகள் 8 மாதம் முதல் ஏறக்குறைய 18 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் நடக்கத் தொடங்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு காட்டியது. பத்து மாதத்தில் நடக்கவில்லையே என்று பதற வேண்டியதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

தூங்கும்போது பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். திடீர் சிசு மரணத்தைத் தடுக்க அதுவே பாதுகாப்பு. விழித்திருக்கும்போது, பெரியவர் பக்கத்தில் இருக்க, குப்புறப் படுக்க விட வேண்டும். நாளெல்லாம் சேர்த்துக் குறைந்தது 30 நிமிடம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு அறிவுரை. முதலில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று தொடங்கலாம். தாயின் மார்பின் மேல் குப்புறப் படுப்பதும் கணக்கில் சேரும். கழுத்தும் தோளும் வலுப்பெறும், பின்தலை தட்டையாவதும் குறையும்.

சாரோங் தொட்டிலில் பிள்ளை சுகமாகத் தூங்கும். ஆனால் முதுகு வளைந்து தாடை மார்பில் படிந்தால் மூச்சு தடைபடக்கூடும். குறைமாதப் பிள்ளைக்கு இது கூடுதல் ஆபத்து. நாள் முழுதும் அதிலேயே கிடந்தால் உருளவும் புரளவும் வாய்ப்பில்லாமல் போகும். உட்கார்ந்து தள்ளும் வாக்கர் சீக்கிரம் நடக்க உதவாது. படிக்கட்டில் உருண்ட விபத்துகளால் கனடா 2004ல் அதன் விற்பனையைத் தடை செய்தது. தரையில் பாய் விரித்து விளையாட விடுவதே நல்லது.

சந்தேகம் வந்தால் எங்கே போவது என்பதில் குழப்பம் தேவையில்லை. மலேசியாவில் பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வரும் தாதியிடமோ அரசாங்க சுகாதாரக் கிளினிக்கிலோ, சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்திலோ சொல்லலாம். தேவையானால் அவர்களே எலும்பு மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் அனுப்புவார்கள். நீண்ட காலப் பயிற்சி தேவைப்படும் பிள்ளைகளுக்கு மலேசியாவில், 1984ல் திரெங்கானுவின் பத்து ராகிட்டில் தொடங்கிப் பரவிய பிடிகே சமூக மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. சிங்கப்பூரில் சிறு குழந்தைகளுக்கான ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டங்கள் இருக்கின்றன.

தடுப்பூசிக்குப் போகும் நாளில் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தோடு, கண்ட மாற்றத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்த சிறு காணொளியையும் கொண்டுபோகலாம். மருத்துவர் முன் பிள்ளை தூங்கிவிட்டாலும் அந்தக் காணொளி பேசும். "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று மருத்துவர் சொன்னால், "எத்தனை நாள், எதைப் பார்க்க வேண்டும், எப்போது திரும்ப வர வேண்டும்?" என்று கேட்டு, அந்தத் தேதியைப் புத்தகத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.